முதலில் மலையைப் பாருங்கள், செட்டை அப்புறம் வாங்கலாம்

வோக்கி டோக்கி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் போகும்?" பெட்டியில் 10 என்று போட்டிருக்கும். அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சமவெளியில், நடுவில் மரமோ வீடோ இல்லாமல், இரண்டு பேர் தோளுயரத்தில் செட்டைப் பிடித்து நின்றால், பூமியின் வளைவு ஒருவரை மற்றவரிடமிருந்து மறைக்கத் தொடங்கும் தூரம் ஏறக்குறைய அவ்வளவு. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடுவே ஒரு மலைமுதுகு கிடந்தாலோ, நேர்கோட்டில் 800 மீட்டர்கூட வராத தூரத்தில் அதே செட் வெறும் இரைச்சலைத்தான் தரும். அதை எடுத்துப்போய் ஹப்புத்தளை மலை விளிம்பில் நின்று பேசினால், தெற்கே சமவெளியில் 30, 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். செட் ஒன்று, வாட் ஒன்று. நிற்கும் இடம் மட்டும் வேறு.

மலையகத்தில் அனர்த்தத் தொடர்புக்குச் செட் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். வாட்டையும் விலையையும் பார்த்துச் செட்டை வாங்கிவிட்டு, மிஞ்சிய காசில் அன்டெனாவும் பெட்டரியும் தேடுகிறார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் பேச வேண்டும், அதற்கு எந்த உயரத்தில் அன்டெனா நிற்க வேண்டும், மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் ஓட வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு வர வேண்டிய கடைசித் தீர்மானம் செட்.

கைப்பேசி ஏன் போகிறது

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல ஊர்களுக்குப் பாதையும் மின்சாரமும் கைப்பேசியும் ஒரே நேரத்தில் இல்லாமல் போயின. இது தற்செயல் அல்ல. கைப்பேசிக் கோபுரம் மின்சாரம் நின்றால் பெட்டரியில் சில மணி நேரம் நிற்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர பாதை வேண்டும். கோபுரங்களை இணைக்கும் ஃபைபர் கேபிளும் பெரும்பாலும் அதே பாதையோரமாகவே போகிறது. பாதை சரிந்தால் கேபிளும் அறும், டீசல் லொறியும் நிற்கும். தப்பி நிற்கும் ஒன்றிரண்டு கோபுரங்களில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அழைப்பு எடுப்பதால் எவருக்கும் லைன் கிடைக்காது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் மூன்று படிகளில் வரும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார் நிலை, 150 என்றால் வெளியேற்றம். மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று இறங்கிவரும் அந்தச் செய்தி கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் சிக்கிக்கொள்கிறது. கிராம உத்தியோகத்தரின் கையில் இருப்பதும் கைப்பேசிதான். மேலே போக வேண்டிய செய்தியும் இருக்கிறது: லயனுக்குப் பின்னால் புதிதாக விட்ட வெடிப்பு, வழக்கமாகத் தெளிவாக ஓடும் ஊற்று திடீரென்று சேறாக வருவது, தோட்டத்து மழைமானியில் இரவு 2 மணிக்குக் காட்டிய அளவு. எனவே கணக்கைக் கொழும்பிலிருந்து தொடங்கக் கூடாது. ஆபத்தான சரிவுக்குக் கீழே உள்ள கடைசி லயனிலிருந்து மேல்நோக்கிப் போட வேண்டும்.

மலைமுதுகும் மீடிறனும்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை விரியுங்கள். கணினி இருந்தால் கூகுள் ஏர்த் உயர வெட்டுமுகத்தை வரைந்து தரும். பேச வேண்டிய இடங்களைக் குறியுங்கள்: கடைசி லயன், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை, தோட்ட வைத்தியசாலை, மக்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் பாடசாலை அல்லது கோயில், கிராம உத்தியோகத்தர் அலுவலகம். ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவே கோடு போட்டு, குறுக்கே மலை வருகிறதா என்று பாருங்கள்.

கோடு மலையுச்சியை உரசிக்கொண்டு போனால் போதாது. வானொலி அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு பூசணிக்காய் வடிவத்தில் பரந்து போகிறது. 5 கிலோமீட்டர் பாதையில் 150 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுப்பகுதியின் ஆரம் சுமார் 50 மீட்டர். அதில் 60 வீதமாவது, அதாவது 30 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். யு.எச்.எஃப் எனப்படும் 450 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த ஆரம் 29 மீட்டருக்குள் அடங்கிவிடும். இதைப் பார்த்துவிட்டு யு.எச்.எஃப்தான் நல்லது என்று முடிவெடுத்துவிடக் கூடாது. மலைமுதுகு நடுவில் நிற்கும்போது அதன் விளிம்பில் வளைந்து மறுபக்கம் இறங்கும் குணம் வி.எச்.எஃப் அலைக்கு, அதாவது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸுக்கு, அதிகம். சவுக்கும் யூக்கலிப்டஸும் நனைந்து நிற்கும் காட்டுக்குள் யு.எச்.எஃப் சீக்கிரம் சோர்ந்துவிடும். தேயிலை மலைக்கு வி.எச்.எஃப் என்பது எங்கள் தேர்வு. யு.எச்.எஃப்புக்கு நியாயமான இடம் ஸ்டோர், வைத்தியசாலை போன்ற கட்டடங்களின் உள்ளே. ஜன்னல், கதவு இடைவெளிகளில் நுழைந்துவர அதன் சிறிய அலைநீளம் உதவுகிறது. தகரக் கூரை லயனுக்குள் எதுவும் சரியாக எடுக்காது. செட் வைத்திருப்பவர் முற்றத்துக்கு வந்து பேச வேண்டும், அல்லது கூரைக்கு மேலே அன்டெனா வேண்டும்.

மூடுபனி சிக்னலை விழுங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த மீடிறன்களில் (அதிர்வெண்களில்) பனியும் மழையும் செய்யும் சேதம் கணக்கில் எடுக்கும் அளவுக்கே வராது. மழை நாளில் செட் மங்கினால் காற்றில் குறை தேடாதீர்கள், கேபிள் மூட்டைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் இருக்கும்.

வரைபடத்தில் பார்த்ததை நடந்து உறுதிப்படுத்த வேண்டும். ஒருவர் ஸ்டோரில் நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு லயனுக்கும் போய்ப் பேசி, 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு எழுதிவர ஒரு பகல் போதும். கேட்காத இடத்தில் பத்தடி தள்ளி நின்று மீண்டும் பேசிப் பாருங்கள், வி.எச்.எஃப்பில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே சிக்னல் எழுந்து விழும். நன்றாக எடுக்கும் இடத்தில் கல்லில் பெயின்ட் அடித்துவிடுங்கள். அனர்த்த இரவில் டோர்ச் வெளிச்சத்தில் அந்த அடையாளம் உதவும்.

மலையைத் தாண்டிப் பேச வழி இரண்டு. ஒன்று ரிப்பீட்டர்: உயரமான இடத்தில் நின்று ஒரு மீடிறனில் கேட்டதை அதே நொடியில் இன்னொரு மீடிறனில் திருப்பி அனுப்பும் பெட்டி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரே அன்டெனாவில் கேட்கவும் அனுப்பவும் விடும் டூப்ளெக்சர் வேண்டும், ஓயாத மின்சாரம் வேண்டும், ஆள் ஏறிப் பார்க்கப் பாதை வேண்டும். அது நின்ற நிமிடத்தில் அதை நம்பிய எல்லாச் செட்டும் ஊமையாகும். மற்றது ஆள்வழி அஞ்சல்: மலைமுதுகில், இரண்டு பள்ளத்தாக்கும் தெரியும் ஒரு வீட்டில் ஒரு செட்டும் ஒரு கொப்பியும். கீழிருந்து கேட்டதை எழுதி மேலே சொல்வது அந்த வீட்டின் வேலை. மெதுவானது, ஆனால் கெட்டுப்போக அதில் அதிகமில்லை. நேரடிப் பேச்சும் ஆள்வழி அஞ்சலும் போதும் என்ற கணக்கில் திட்டத்தைப் போடுங்கள், ரிப்பீட்டர் கிடைத்தால் மேலதிக வசதியாக இருக்கட்டும்.

வாட், அன்டெனா, கேபிள்

5 வாட் கைச் செட்டுக்குப் பதிலாக 8 வாட் செட் வாங்கினால் சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் கிடைக்கும் லாபம் 2. கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பெட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். அதே காசை அன்டெனாவில் போட்டால் பலன் பல மடங்கு. செட்டோடு வரும் குட்டை ரப்பர் அன்டெனா ஒரு சமரசம்தான், அதிலும் செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பேசினால் உடம்பே பாதியை விழுங்கிவிடும்.

நிலையான இடத்துக்கு அன்டெனாவைக் கையாலேயே செய்யலாம். 150 மெகாஹெர்ட்ஸுக்கு 47.5 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி நிமிர்ந்து நிற்க, அதன் அடியில் 50 சென்டிமீட்டரில் நான்கு கம்பிகள் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். நடுவில் கேபிளை மாட்ட ஒரு எஸ்.ஓ.239 சொக்கட். உங்களுக்குக் கிடைத்த மீடிறன் வேறாக இருந்தால் 71.25ஐ அந்த மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். நிமிர்ந்த கம்பியின் நீளம் மீட்டரில் வரும். அன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரில் 1.5க்குக் கீழே காட்டினால் போதும். 3ஐத் தாண்டினால் கேபிளிலோ மூட்டிலோ பிழை இருக்கிறது, அதோடு பேசிக்கொண்டே இருந்தால் செட்டின் கடைசி டிரான்சிஸ்டர் சூடேறிப் போகும். 6 மீட்டர் ஜீ.ஐ. குழாயின் உச்சியில் இதைக் கட்டிவிட்டால் முன்பு இரைச்சலாய் இருந்த பாதி இடங்கள் பேசத் தொடங்கும்.

கேபிளில்தான் காசு ஓசையில்லாமல் வீணாகிறது. மெல்லிய ஆர்.ஜீ.58 கேபிள் 150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். 20 மீட்டர் போட்டால் 4 டெசிபல். 25 வாட் செட்டிலிருந்து அன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 10 வாட். யு.எச்.எஃப்பில் அதே கேபிளில் 5 வாட்தான் மிஞ்சும். தடித்த ஆர்.ஜீ.213 போட்டால் வி.எச்.எஃப் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். வாங்க முடியாவிட்டால் செட்டை அன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேபிளைக் குறையுங்கள்.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல்.259 கனெக்டர் நீர் புகாதது அல்ல. நுவரெலியாப் பக்கத்துப் பனியில் ஒரு பருவம் வெளியே கிடந்தால் உள்ளே பச்சை பூத்துவிடும். தண்ணீர் ஒருமுறை கேபிளின் பின்னல் வலைக்குள் நுழைந்தால் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மீட்டர் கணக்கில் ஏறும். பிறகு உலர்த்திப் பயனில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வெயில் தின்னாமல் இருக்க அதன்மேல் சாதாரணக் கறுப்பு டேப்பைச் சுற்றுங்கள். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று படியும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் வழிந்துவரும் நீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

இடி வேறு கதை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம், அதில் பிந்தியது மண்சரிவுக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. குழாயின் அடியை நிலத்தில் அடித்த செம்புக் கோலோடு தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். பேசாத நேரத்தில் கேபிளைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே போட வேண்டும். கழற்றிய முனையை மேசையில் செட்டுக்குப் பக்கத்தில் வைப்பது கழற்றாததற்குச் சமம்.

மூன்று நாள் மின்சாரம்

25 வாட் நிலையச் செட் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 0.4 அம்பியர், பேசும்போது 6 அம்பியர் இழுக்கும். மணிக்கு மூன்று நிமிடம் பேசினால் ஒரு நாளைக்கு 16 அம்பியர் மணி. மூன்று நாளைக்கு 49. ஈய அமிலப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கும், அதனால் 100 அம்பியர் மணிப் பெட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் என்றால் 60 போதும். இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடலாம்.

சோலார் பேனலைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. நல்ல வெயிலில் 100 வாட் பேனல் நாளுக்கு 30 அம்பியர் மணி தரும். அடைமழை வாரத்தில் 3 முதல் 6 வரை கிடைத்தால் பெரிது. அனர்த்தம் வரும் வாரத்தில்தான் அது கைவிடும். பேனலின் வேலை, அதற்கு முந்திய மாதங்களில் பெட்டரியை நிறைவாக வைத்திருப்பது. அந்த வாரத்தில் கை கொடுப்பது ஸ்டோர் முற்றத்தில் நிற்கும் லொறியும் ட்ராக்டரும் த்ரீவீலும்தான். அதனால் கைச் செட் வாங்கும்போது சார்ஜர் 12 வோல்ட்டில் நேரடியாக ஓடுமா என்று கேளுங்கள். 230 வோல்ட் மட்டும் என்றால் வேறு மொடல் பாருங்கள்.

வயரும் தடித்திருக்க வேண்டும். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் பேசும்போது 0.7 வோல்ட் விழும். பாதி இறங்கிய பெட்டரியில் பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்துபோவதற்கு இதுதான் காரணம். 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். ஃபியூஸ் செட்டின் பக்கம் அல்ல, பெட்டரியின் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வயர் உரசினால் தீப்பிடிக்கும்.

கைச் செட்டுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டரி. 2,000 மில்லியம்பியர் மணிப் பெட்டரி சாதாரணப் பாவனையில் ஒரு பகல் தாங்கும், பதற்றத்தில் எல்லோரும் பேசும் நாளில் பாதிதான்.

இனிச் செட்

டிஜிட்டலா அனலொக்கா? டி.எம்.ஆர். எனப்படும் டிஜிட்டல் வகைச் செட்டில் ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டு பேச்சு நடக்கும், இரைச்சல் இருக்காது. ஆனால் சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனதும் குரல் தேய்வதில்லை, அப்படியே அறுந்துவிடும். அனலொக் எஃப்.எம். இரைச்சலோடு இழுத்துக்கொண்டு வரும். பாதி கேட்டாலும் "ஆள் சிக்கியிருக்கு" என்பது காதில் விழும். மலைமுதுகு நிறைந்த இடத்தில் அந்த இரைச்சலே ஒரு எச்சரிக்கை, இன்னும் நான்கு அடி நகர் என்று சொல்லும். இரண்டும் உள்ள செட் வாங்க முடிந்தால் வாங்குங்கள், அனர்த்த அலைவரிசையை அனலொக்கிலேயே வையுங்கள்.

நீர்த்தடைக் குறியீடு ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி.54 சாரலுக்கு மட்டும். பக்கவாட்டு மைக் துளையின் ரப்பர் மூடியைத் திறந்துவிட்டால் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

புதிதாய் வாங்கியவை ஒன்றோடொன்று பேசாமல் போனால் பெரும்பாலும் காரணம் டோன், அதாவது பேச்சோடு கூடவே போகும் அடையாள ஒலி; டோன் போட்ட செட் அந்த ஒலி இல்லாமல் வரும் பேச்சை ஒலிக்காது. ஒரு செட்டில் டோன் போட்டு மற்றதில் போடாமல் விட்டால் ஒருவருக்குக் கேட்கும், மற்றவருக்குக் கேட்காது. செட் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அலைவரிசை அகலம் ஒன்றில் 25, மற்றதில் 12.5 என்றிருந்தால் ஒருவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், மற்றவர் குரல் கிழியும். எல்லாவற்றையும் ஒரே கோப்பிலிருந்து ஒரே நாளில் புரோகிராம் செய்து, அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

அனுமதி இல்லாமல் இதில் எதுவும் இல்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் செட் வைத்திருக்கவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், மீடிறனையும் அவர்களே ஒதுக்குவார்கள். இணையத்தில் மலிவாய்க் கிடைக்கும், எந்த மீடிறனிலும் பேசக்கூடிய செட்டை வாங்கி யாருடைய அலைவரிசையிலோ ஏறி நின்றால், உதவிக்கு வருபவர்களின் பேச்சையே அடைக்க நேரும்.

தோட்டத்திலிருந்து மாவட்டத்துக்கோ கொழும்புக்கோ பேச வேண்டுமென்றால் வி.எச்.எஃப் போதாது. அங்கேதான் அமெச்சூர் வானொலிக்காரர்களின் சிற்றலை வருகிறது. 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பு கொடுத்தது அவர்கள்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்துக்கு 10 மீட்டராக இரண்டு வயர், நிலத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை நேர் மேலே போய் வளிமண்டலத்தின் அயன் படையில் பட்டு மழைபோல் இறங்கும். சுற்றிலும் எத்தனை மலை நின்றாலும் அதற்குக் கவலையில்லை, சில நூறு கிலோமீட்டருக்குள் எல்லோருக்கும் கேட்கும். இரவு முற்றியதும் 7 எடுபடாமல் போகலாம், அப்போது 3.6க்கு இறங்க வேண்டும், வயர் இரட்டிப்பாகும். இதற்குப் பரீட்சை எழுதி உரிமம் எடுத்தவர் வேண்டும். பிரதேசத்துக்கு ஒருவராவது இருந்தால், அவர் வீட்டிலிருந்து உங்கள் மலைமுதுகு வீட்டுக்கு வி.எச்.எஃப் எடுக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பேசும் பழக்கம்

பொத்தானை அழுத்தி ஒரு வினாடி பொறுத்துப் பேச வேண்டும் என்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கும். தமிழில் பேசுபவருக்கு அதைவிட முக்கியமானது முடிவு. நம் மொழியில் "இல்லை" கடைசியில்தான் வருகிறது. "பாதை திறக்கவில்லை" என்று சொல்லி முடிக்கும் முன் விரலை எடுத்தால் மறுபக்கம் கேட்பது "பாதை திறக்க". "ஆள் வரல" என்பதில் கடைசி எழுத்து போனால் மிஞ்சுவது "ஆள் வர". அதனால் மறுப்பை முதலில் வையுங்கள்: "இல்லை. பாதை திறக்கவில்லை. இல்லை." எண்களில் ஒண்ணும் மூணும் இரைச்சலில் ஒன்றாய்க் கேட்கும். 13 என்பதை "ஒன்று, மூன்று, பதின்மூன்று பேர்" என்று இரண்டு விதமாகச் சொல்லி, எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை விடக் கூடாது.

இடப்பெயரும் தடுக்கும். தோட்டத்துக்கு அரச வரைபடத்தில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு தமிழ்ப் பெயர், டிவிஷனுக்கு மேல் கணக்கு, கீழ் கணக்கு என்று இன்னொன்று. மாவட்ட நிலையத்தில் கேட்பவர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். ஒவ்வொரு லயனுக்கும் ஒரு இலக்கம், அதற்கு எதிரே மூன்று பெயரும் இரு மொழியிலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு செட்டோடும் நூலால் கட்டிவிடுங்கள். அதே தாளின் பின்பக்கத்தில் நடந்து பார்த்த நாளின் மதிப்பெண்களும், எந்தக் கல்லில் பெயின்ட் அடித்தது என்பதும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ம் இருக்கட்டும்.